பதினெட்டைப் பதினாறாக்கிய பொன்னப்பன்

குன்னத்துகாலில் பொன்னப்பன் வீட்டு முற்றத்தில் காலை ஆறு மணிக்கே பெண்கள் கூட்டம். ஒவ்வொருத்தி கையிலும் கோழி. கோழிச்சந்தை என்று நினைத்துவிடாதீர்கள். கர்ப்பப்பை வைத்தியம்.

போன மாதம் இங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறிய ஒரு முகாம் நடந்தது. அந்த நோயைக் கொண்டுவரும் எச்பிவி வைரஸ் இருந்தால், அது எந்த வகை என்று ஓர் எண்ணும் சீட்டில் வந்தது. சர்க்கரைக்கு எண், பிரஷருக்கு எண் என்று பழகிய ஊர். இதுவும் குறைக்க வேண்டிய எண் என்றே முடிவு கட்டிவிட்டது. நேற்றுவரை லாட்டரி விற்ற பொன்னப்பன் இன்று வைத்தியர். எண்களோடு அவருக்கு இல்லாத பழக்கமா?

நூலில் கட்டிய மோதிரத்தைக் கண்ணாடி டம்ளருக்குள் தொங்கவிடுவார். டங், டங். எத்தனை தட்டோ அத்தனை நம்பர். ஒரு நம்பர் குறைய ஒரு கோழி.

பக்கத்து வீட்டுச் சுகிர்தபாய்க்குச் சீட்டில் பதினெட்டு. இரண்டு கோழி கொடுத்தார். மோதிரம் பதினாறோடு நின்றது. கருவி வைத்துப் பார்க்க வேண்டும், புதன்கிழமை வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "குறைஞ்சு வருதுல்லா, இனி எதுக்குப் போணும்?" என்று அவர் சொன்னது எங்கள் ஜன்னல்வரை கேட்டது.

மருமகள் சோனாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை. செவ்வாய்க்கிழமை மாமியாரை இழுத்துக்கொண்டு பொன்னப்பன் முற்றத்துக்குப் போனாள். நானும் போனேன். இதையெல்லாம் விட முடியுமா?

"வைத்தியரே, எனக்கு ஐம்பத்திரெண்டு."

பொன்னப்பனின் பார்வை சோனாவின் முகத்துக்குப் போகவில்லை, கோழிக்கூட்டுக்குப் போனது.

"பேடிக்காத மோளே. பதினெட்டுல கொண்டு நிறுத்தித் தாறேன். முப்பத்திநாலு கோழி ஆக்கும்."

டங், டங். சரியாகப் பதினெட்டில் மோதிரம் நின்றது. கூட்டம் கைகூப்பியது.

"நான் டெஸ்டே எடுக்கல்ல," என்றாள் சோனா. "ஐம்பத்திரெண்டு எங்க வீட்டு நம்பர்."

ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது.

"வீட்டு நம்பரைக் குறைச்சா வீடு சின்னதாவுமா? வைரசுக்கும் நம்பர் பேருதான், அளவில்ல. கேன்சருல கொண்டு விடுற கூட்டத்துல முதல் ஆளு பதினாறு. அடுத்தவன் பதினெட்டு. இவரு கணக்குப்படி மாமிக்க நோயைக் கூட்டித்தான் விட்டிருக்காரு."

"மோதிரத்துக்கு இன்னைக்குச் சுகமில்ல," என்றார் பொன்னப்பன்.

"நூலு உனக்க வெரல்லதானலே கெடக்கு," என்ற சுகிர்தபாய், மருமகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கேன்சரா மக்கா?"

"சீட்டுல அப்பிடி இல்ல மாமி. இப்போ தெரிஞ்சது வைரஸ் மட்டுந்தான். அதுனால வல்ல கோளாறும் உண்டான்னு பாக்கத்தான் ஆஸ்பத்திரியில கூப்பிடுது."

"அப்போ நாளைக்கு வாறேன்."

களியக்காவிளைக்கு பஸ் ஏறவே மூன்று பேரிடம் விசாரிக்கிற ஊர் இது. சொந்த உடம்பை ஒருவனிடம் ஒப்படைக்கும்போது ஒரேயொரு கேள்வி கேட்டால் நாக்கு தேய்ந்துவிடுமா?