மாப்பிள்ளை அனுப்பிய வெந்நீர்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே சுகம். உங்கள் அத்தை பிழைத்துக்கொண்டாள். வலது கை மட்டும் இன்னும் டம்ளரைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. கடையில் வியாபாரம் நல்லபடி நடக்கிறதா?

போனில் பேசினால் "கஸ்டமர் நிக்கிறாங்க மாமா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை எத்தனை பேருக்கு வாய்ப்பார்? நாங்கள் கேட்காமலேயே ஒவ்வொன்றாக அனுப்பி வீட்டை நிரப்பினீர்கள். முதலில் மிக்ஸி வந்தது. அதன் மூடி ஒரு நாள் தக்காளியோடு கிளம்பி மேல்தளத்தைத் தொட்டது, அந்தக் கறையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களெல்லாம் "மேலே யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். பிறகு வந்த இஸ்திரிப்பெட்டிக்குச் சூடு ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. ரிட்டையர் ஆன டிரைவர்கள் கூட்டத்துக்கு நான் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையின் முதுகில் பெட்டியின் உருவம் அச்சு அசலாகப் பதிந்திருந்ததை, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பழைய கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் கூட்டம் முடிந்த பிறகு. ஃபிரிட்ஜ் அந்த அளவுக்கு மோசமில்லை. கதவைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும், அவ்வளவுதான். ரப்பர் செருப்பு போட்டால் இழுக்காது என்று அத்தைதான் கண்டுபிடித்தாள். ஊரெல்லாம் வெளியே போகச் செருப்பு போடுகிறது, நாங்கள் பால் எடுக்கப் போடுகிறோம். ஒவ்வொரு தடவையும் "மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்பேன். "ஆசையா அனுப்பினதுக்கு நொட்டை சொல்லுவீங்களா? சும்மா இருங்க" என்பாள். சும்மா இருந்தேன்.

அப்புறம் ஹீட்டர் வந்தது. அத்தைக்கு மூட்டுவலி, வெந்நீர் ஊற்றினால் தேவலை என்று மகள் சொன்னதைக் காதில் வாங்கி நீங்களாகவே அனுப்பியதை நான் மறக்கவில்லை. உங்கள் கடை ஆட்களே வந்து குளியலறைச் சுவரில் மாட்டினார்கள். கொஞ்ச நாள் ராணி மாதிரி குளித்தாள். போன வெள்ளிக்கிழமை காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே வாளி உருளுகிறது. வாளி உருளுவது எங்கள் வீட்டில் புதிதல்ல. ஆனால் அதற்கப்புறம் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அது அலறல் இல்லை மாப்பிள்ளை, யாரோ எதையோ சொல்ல வாயெடுத்து முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்ட மாதிரி. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவு உள்தாழ்ப்பாள். காலமெல்லாம் பிரேக் மிதித்த காலால் உதைத்தேன், கதவு அசையவில்லை, முட்டிதான் அசைந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுப் பெயிண்டர் சுண்ணாம்புக் கையோடு ஓடி வந்தார். நேரே போய் மெயினை இறக்கினார், பிறகு தோளைக் கொடுத்துக் கதவைப் பெயர்த்தார். அத்தை சுவரோரம் சரிந்து கிடந்தாள். கை மட்டும் குழாயை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம். உதடு நீலம் பாரித்துவிட்டது. பெயிண்டர் அவளைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினேன், தண்ணீர் வீணாகிறதே என்று. மனுஷனுக்குப் புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா என்கிட்ட வர வேண்டிய வேலையே இருந்திருக்காது" என்றார். சாயங்காலம் அத்தை கண் திறந்தாள். "துணி போர்த்தித்தானே தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். பெயிண்டர் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தியதைச் சொன்னேன். "ஐயோ, சுண்ணாம்பு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். நான் வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்தபோது "ஈரக் கையோட தொட்டிருப்பாங்க மாமா" என்றீர்கள். குளிக்கிற இடத்தில் உலர்ந்த கைக்கு எங்கே போவது? "வாரண்டி வேற முடிஞ்சு போச்சே" என்றீர்கள். உங்கள் அத்தைக்கு வாரண்டியே கிடையாது மாப்பிள்ளை, ஒரே பீஸ்.

இதையெல்லாம்கூடத் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன் அல்லவா, நீங்கள் கடையில் இருந்தீர்கள். முகம் கழுவக் குளியலறைக்குள் போனேன். சுவரில் வேறு கம்பெனி ஹீட்டர். "ஏம்மா, நம்ம கடையில விக்கிறது இல்லையா இது?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் கழுவிட்டு வாங்கப்பா" என்றாள். அவள் வேறெதுவும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அவளை ஒன்றும் கேட்க வேண்டாம்.

எங்கள் டிப்போவில் பிரேக் சரியில்லாத வண்டியைக் கொடுத்து, "ஒரு ட்ரிப்தானே, மெதுவா போயிட்டு வந்துடு" என்பார் சூப்பர்வைசர். நான் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று பேர். அந்த மனுஷன் ஒரு நாளாவது அந்த வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது உங்கள் கடையைப் பார்த்தேன். அதே ஹீட்டர் கூரை முட்ட அடுக்கியிருக்கிறது, மேலே தள்ளுபடி என்று போர்டு வேறு. அதையெல்லாம் இறக்கிவிடுங்கள் மாப்பிள்ளை. வாங்கிக்கொண்டு போகிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் எதிரே ஒரு பெயிண்டர் குடியிருப்பார் என்று சொல்ல முடியாது. விற்ற வீடுகளுக்கும் ஆள் அனுப்பிக் கழற்றச் சொல்லுங்கள். நஷ்டம்தான். எனக்கும் தெரிகிறது. எங்கள் வீட்டு ஹீட்டரை நானே பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டேன், அவரும் தொடுவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசித்தார். இனிமேல் உங்கள் கடைச் சாமான் எதுவும் இந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வராது. இதில் மாற்றமில்லை.

நீங்களும் மகளும் எந்தக் குறையும் இல்லாமல், எந்தக் கம்பியும் தீண்டாமல், நூறாண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மரியாதை குறையாத கோபத்துடன்,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் கடை வேன் வந்து நின்றது. புது ஹீட்டர். அதே கம்பெனி, நிறம் மட்டும் நீலம். திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வாய் திறந்தேன். அத்தை குறுக்கே வந்து, "உள்ள கொண்டாங்கப்பா" என்றாள். என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "வேண்டாம்னு அனுப்பினா அங்க நம்ம பொண்ணுக்குத்தான் ஏச்சும் பேச்சும். நேத்து போன்ல அழுதா. அவ அந்த வீட்ல வாழணுமா, வேணாமா?" என்றாள். மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் சுட்டதும் நானே மெயினை இறக்கினேன். இப்போது அத்தை உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறாள். தாழ் போடக் கூடாது, வெளியே வரும்வரை விடாமல் பாட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. சுமாராகத்தான் பாடுகிறாள். கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பாட்டு நின்றுவிட்டது.

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்து, "என்ன? என்ன ஆச்சு?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து, "ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளைக்கு நன்றின்னு ஒரு வரி எழுதினீங்களா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். மறுபடியும் பாடுகிறாள்.

மாப்பிள்ளை, மிக்க நன்றி.