குகை நாமத்துக்குப் பாதம் வந்த விதம்

திருப்பதி,
புதன்கிழமை

அத்திம்பேருக்கு வேதா தண்டம் சமர்ப்பித்து எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சௌக்கியம்.

பாறையில் வழிந்த பெயிண்டையும் ஒரு சம்பிரதாயத்தின் அடையாளத்தையும் எப்படிப் பிரித்தறிவது? இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் வரலாறு நடத்தும் எனக்குப் பதில் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அலர்மேல் அக்காவும் சித்தூரிலிருந்து வந்தபோது, கார்வேட்டிநகரம் பக்கத்து மலைக்குகையின் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். பிக்குகள் படுத்த கல் படுக்கைகள் ஐந்து, மழைநீர் உள்ளே வடியாமலிருக்கப் பாறை நெற்றியில் வெட்டிய கோடு, வாசலுக்கு மேலே ஒரு நாமம். நீங்கள் காபியை ஆற்றிக்கொண்டே, "அந்த நாமம் நான் போட்டதுடி" என்றீர்கள். கல்யாணமான புதுசில் அக்காவோடு போனீர்களாம், வீட்டு கேட்டுக்கு வாங்கிய பெயிண்ட் கையில் இருந்ததாம். "வாசல் மொட்டையா இருந்தது, மனசு கேக்கலை." அதுகூடப் போகட்டும். "நீங்க வடகலையாச்சே, தென்கலை நாமத்துக்குத்தானே கீழே பாதம் உண்டு, அது எப்படி வந்தது?" என்று கேட்டேன். "பாதம் இல்லை, வழிஞ்சுடுத்து" என்றீர்கள்.

அத்திம்பேர், அந்தப் பாதத்தை நம்பித்தான் பௌத்த மடாலயத்தைத் தென்கலையார் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டார்கள் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். நேரில் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள், போனேன், வாசலில் குளவி கூடு கட்டியிருந்தது, கீழேயே நின்று அண்ணாந்துவிட்டு மீதியைத் தொல்லியல் பதிவேட்டுப் புகைப்படத்தில் பார்த்தேன், கறுப்பு வெள்ளைப் படத்துல பெயிண்ட் வாசனையா வரும். இப்போ அந்த நாலு பக்கத்துலேர்ந்து ஒரு வரி எடுத்து, என் பேரையும் போட்டு, தொல்லியல்காரா குகைப் பக்கத்துல பலகை நடப்போறா, அடுத்த வாரம். போன் பண்ணினா நீங்க சிரிச்சுட்டு அக்காகிட்ட குடுத்துடறேள், அக்காவோ "அவர் நெத்தியில இட்டுண்டாலே மூக்குவரைக்கும் வரும்"ங்கறா. அதிகாரி முனிகிருஷ்ணன்கிட்ட கேட்டேன், "பதிவேட்டை மாத்தணும்னா காகிதம் வேணும் மேடம்"னுட்டார். அதனால நாமம் உங்களுது, பாதம் விபத்துன்னு கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கோ. இல்லேன்னா நீங்க வழியவிட்டது என் பேர்ல சரித்திரமாயிடும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் போதும், புது மருந்து வேண்டாம்.

அன்புடன்,
வேதா

பி.கு. வியாழன் மாலை. வாக்குமூலம் வேண்டாம். அடுத்த வாரம் என்றவர்கள் இன்றே பலகை நட்டுவிட்டார்கள். குகைக்கு ஓடிப்போய் அங்கிருந்த அதிகாரியிடம், நாமம் அத்திம்பேர் போட்டது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். காகிதம் இல்லாமலே அவர் தலையாட்ட, பெயிண்டர் என் வரிமேல் பலகையின் நீலத்தைப் பூசினார். மேலே குகையில் சனிக்கிழமைதோறும் விளக்கேற்றும் கங்கம்மாள் ஆடுகளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க அத்திம்பேர் போட்டது ரெண்டு வெயிலுக்கே உரிஞ்சிடுச்சும்மா. நான்தான் வருசா வருசம் புரட்டாசில போட்டுக்கினு வரேன்."

"கீழே அந்தப் பாதம்?"

"மொதல்ல அப்பிடித்தான இருந்துச்சு, அப்பிடியே போட்டுக்கினு வரேன். சாமி விசயத்துல நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாமா?"

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். பௌத்த மடாலயம் என்று படித்தேன். நீலம் பூசிய வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெயிண்டர் டீ குடிக்கப் போயிருந்தார். எழுத்துக்கு அவர் வைத்திருந்த வெள்ளையில் பிரஷைத் தோய்த்து அங்கே ஒரு நாமம் போட்டாள், கீழே கவனமாக வழியவிட்டு.