எழுபத்திரண்டு சாம்பல் கட்டங்கள்

பத்தொன்பதாம் எண் பசுவைக் காணவில்லை. பசு கொட்டிலில் அசை போட்டுக்கொண்டுதான் இருந்தது. கணினியில் இருந்த அதன் படத்தைத்தான் காணவில்லை.

பண்ணை மேலாளர் அடுத்த எண்ணைத் தட்டினார். சாம்பல் நிறக் கட்டம். அதற்கடுத்தது. அதுவும் அப்படியே. எழுபத்திரண்டு பசுக்களுக்கும் காது வில்லை எண் இருந்தது, பிறந்த தேதி இருந்தது, தடுப்பூசிக் கணக்கு இருந்தது. முகம் மட்டும் ஒன்றுக்கும் இல்லை.

பதினோரு மணிக்குச் சான்றிதழ் அதிகாரி வருகிறார். படம் இல்லாமல் அவர் கையெழுத்துப் போடுவாரா? சான்றிதழ் இல்லாவிட்டால் பால் நிறுவனம் ஒரு சொட்டுகூட வாங்காது. "இன்னைக்குச் சான்றிதழ் கைக்கு வரலைன்னா நாளைக்கு நீங்களும் வர வேண்டாம்" என்று முதலாளியம்மா நேற்றே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னால் அது கல்வெட்டு.

மேலாளருக்கும் மாடுகளுக்கும் உள்ள உறவெல்லாம் கணினி வழியாகத்தான். ஒருமுறை கொட்டிலுக்குள் போய்ச் சாணியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வாசலோடு நின்றுகொள்வார். படம் எடுப்பது, கணினியில் ஏற்றுவது எல்லாம் கறவைக்காரர் பாடு.

அந்தக் கறவைக்காரரே காலைப் பால் அளவு எழுதிய சீட்டோடு உள்ளே வந்தார்.

"அண்ணே, படமெல்லாம் போச்சு."

"போனா போகட்டும் சார். மாடு இருக்குல்ல."

"வீடு பத்தி எரியுது, நீங்க சுருட்டுக்கு நெருப்பு கேக்குறீங்க."

"வர்றவரு நல்ல மனுஷன்னு சொல்றாங்க. எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாரு" என்று சீட்டை வைத்துவிட்டு அவர் நழுவினார்.

மேலாளர் கணினியை அணைத்துப் போட்டார். அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போவதாக அறிவித்துவிட்டு, முப்பது சதவீதத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மறுபடி உயிர் வந்தபோது மணி ஒன்பதரை. படங்கள் வரவில்லை.

மச்சினனுக்குப் போன் போட்டார். செல்போன் கடையில் உடைந்த திரை மாற்றுபவன் அவன். அதனாலேயே குடும்பத்தில் கணினி மேதை.

"இது ஒரு விஷயமா மாமா? படம் எங்க இருக்குன்னு சாஃப்ட்வேருக்கு மறந்துபோச்சு. ஃபோல்டரைக் காட்டி விடுங்க. பிடிச்சுக்கும்."

"எந்த ஃபோல்டர்?"

"'படங்கள்'னு போட்டிருக்கும் பாருங்க. அதுவே வரிசையா ஒட்டிக்கும்."

'படங்கள்' என்றுதான் போட்டிருந்தது. காட்டினார். கணினியும் மளமளவென்று ஒட்டியது. அச்செடுப்பதற்காகப் போன மாதம் அவரே கொண்டுவந்து போட்ட குடும்பச் சுற்றுலாப் படங்கள் அவை என்பது ஒட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது.

எண் இருபத்து மூன்றில் மாமியார், தலையில் தொப்பியோடு. கீழே அந்த மாட்டின் குறிப்பு: 'கறக்கும்போது உதைக்கும்.' எண் முப்பதில் மச்சினன். 'பூச்சி மருந்து கொடுக்கவும்.' எண் நாற்பத்தொன்றில் அவரே, கடலலையில் கால் நனைத்தபடி. 'பால் வற்றிவிட்டது. கழித்துக்கட்ட வேண்டியது.'

அவற்றை எடுக்க அவர் வழி தேடிக்கொண்டிருந்தபோது மணி பத்து அடித்தது. தினமும் பத்து மணிக்கு அந்த மென்பொருள் முதலாளியம்மாவுக்குத் தானாகவே அறிக்கை அனுப்பும். கடமை தவறாமல் அனுப்பியது.

பத்து மூன்றுக்குப் போன் அடித்தது.

"இருபத்து மூணுல ஒரு பெரியம்மா இருக்காங்களே, நம்ம பண்ணையா?"

"அது... என் மாமியார்மா."

"உதைப்பாங்களா?"

"சாஃப்ட்வேர் கோளாறும்மா. இதோ சரி பண்ணிடறேன்."

"நாற்பத்தொண்ணுல நீங்க இருக்கீங்க. கழிச்சுக்கட்டணும்னு போட்டிருக்கு. அதைச் சாயந்திரம் பேசிக்கலாம்."

மேலாளர் மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணை அழுத்தினார். ஒரு பெண் பேசினாள். அவர் சொன்ன கதையை முழுவதும் கேட்டாள். இரண்டு முறை இருமினாள்; சிரிப்பை அடக்கியிருக்கலாம்.

"முதல்ல உங்க குடும்பத்தை வெளிய எடுங்க சார். அப்புறம் கணினியில குப்பைத்தொட்டி இருக்கும் பாருங்க, அதைத் திறங்க."

திறந்தார். எழுபத்திரண்டு படங்களும் அங்கே சமர்த்தாகப் படுத்திருந்தன.

"இங்க எப்படிம்மா வந்துச்சு?"

"யாராவது அழிச்சிருக்கணும் சார்."

யார் என்று யோசிக்க நேரமில்லை. மணி பத்தே முக்கால். மீட்டார். சாம்பல் கட்டங்களில் ஒவ்வொன்றாகக் கறுப்பு வெள்ளைத் தலைகள் முளைத்தன. போன உயிர் திரும்பி வந்தது. எதையும் உற்றுப் பார்க்கவில்லை. கட்டம் நிறைந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

சொன்ன நேரத்துக்கு அதிகாரி வந்தார். உண்மையிலேயே நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். படிவத்தை விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

"மாட்டுப் படமெல்லாம் ஏத்தியிருக்கீங்களா? பாதிப் பண்ணையில இருக்காது. இல்லைன்னாலும் பரவாயில்ல, காது எண்ணைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேன். மூணு மாசத்துல ஏத்திக்கலாம்."

மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்மகிட்ட அந்தக் குறையே கிடையாது சார். எழுபத்திரண்டும் இருக்கு."

அதிகாரி பேனாவை மூடினார்.

"அப்படின்னா ஒண்ணுவிடாம மாட்டோட ஒத்துப் பார்க்கணும். விதி அது. ஒரு படம் தப்பா இருந்தாலும் சான்றிதழ் தர முடியாது."

"தாராளமா பாருங்க சார்."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் படத்தைப் பெரிதாக்கினார். இரண்டாவதைப் பெரிதாக்கினார். மூன்றாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதல் படத்துக்குப் போனார்.

தீவன வாளியோடு வாசலில் வந்து நின்ற கறவைக்காரர் திரையைப் பார்த்தார். வாளி கை நழுவி உருண்டது. மேலாளரின் காதருகே குனிந்து, அழாத குறையாகச் சொன்னார்:

"இதை எதுக்கு சார் தோண்டி எடுத்தீங்க? மத்தது எதுவும் அசையாம நிக்கலைன்னு ஒரே மாட்டை எழுபத்திரண்டு தடவை எடுத்து ஏத்தியிருந்தேன். அதிகாரி வர்றாருன்னுதானே காலையில நானே எல்லாத்தையும் அழிச்சேன்."