மெஷினுக்கு வைத்த நான்கு கட்டிக் கற்பூரம்

பிஎச்.டி. படிக்கிறவனுக்கு மூளை அதிகம் என்று நினைப்பவர்கள் யாரும் என்னைச் சந்தித்ததில்லை. கோடி ரூபாய் மெஷினுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நான்கு கட்டிக் கற்பூரத்தை ஒளித்து வைத்துவிட்டு, அடுத்த வாரமே அந்த மெஷின் “இங்கே கற்பூரம் இருக்கிறது” என்று காட்டியபோது, ஆகா, புதுக் கண்டுபிடிப்பு என்று துள்ளிக் குதித்தவன் நான். (தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.)

மெஷின் என்று நான் சொல்வது வாசனையைப் பிரித்துப் பார்க்கும் ஒரு கருவி. ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் பொருளைப் போட்டு மூடிவிட்டால், அதன் ஊசி மூடியைத் துளைத்து உள்ளே இருக்கும் வாசத்தை உறிஞ்சும். பிறகு அதில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று திரையில் மலை மலையாகக் கோடு போட்டு, ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயரும் சொல்லும். இதைத் தனியாக வாங்கும் வசதி எந்தக் கல்லூரிக்கும் இல்லாததால், கோயமுத்தூரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கருவி மையம் வைத்திருந்தார்கள். தேன் கொண்டு வருகிறவர், காரமடையிலிருந்து எருமைப்பால் கொண்டு வருகிறவர், சாயப்பட்டறைத் தண்ணீரைக் கேனில் தூக்கி வருகிறவர் எல்லோரும் ஒரே மெஷினுக்குத்தான் வரிசை கட்டுவோம். முறை கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். நம் முறை வரும் நாளில் மெஷின் படுத்துக்கொண்டால், மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். எனக்கு இரண்டு முறை படுத்துக்கொண்டது.

அந்த மையத்தைக் கட்டி மேய்த்தவர் கலைவாணி மேடம். ஒப்பந்த வேலை, வருடா வருடம் இயக்குநர் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். சென்ட் போட்டவனை உள்ளே விடமாட்டார். மல்லிகைப்பூ வைத்து வந்த பெண்ணிடம், “ஏனுங்க அம்மணி, பூவ இந்தக் கவர்ல போட்டுட்டு உள்ள போங்க. இந்த மெஷினுக்கு மூக்கு ரொம்ப நீளமுங்க” என்பார். அவருடைய முதல் சட்டம் ‘பிளாங்க்’. அதாவது, யார் எதைக் கொண்டுவந்தாலும், முதலில் ஒரு காலி பாட்டிலை வைத்து மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும். காலி பாட்டிலில் ஒன்றும் தெரியாவிட்டால் மெஷின் சுத்தம் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் நம் சரக்கு.

என் சரக்கு வால்பாறைத் தேயிலை. தேயிலைக்கொசு கடித்த இலை, “யாராவது வந்து இந்தக் கொசுவைப் பிடியுங்கள்” என்று ஏதோ ஒரு வாசத்தை விட்டு மற்ற பூச்சிகளைக் கூப்பிடுகிறதா? இதுதான் என் ஆராய்ச்சி. கடிபடாத இலைக்கும் கடிபட்ட இலைக்கும் வாசத்தில் வித்தியாசம் தெரிந்தால் எனக்கு டாக்டர் பட்டம். தெரியாவிட்டால், நான்கு வருடம் அட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுத்ததுதான் மிச்சம்.

மூன்றாவது முறையாக எனக்கு முறை கிடைத்தபோது நடுவில் ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முன்னால் கடிபடாத இலைகளை ஓட்டி முடித்தேன். மெஷின் ஒழுங்காக ஓடியது. கடிபட்ட இலைகளை விடுமுறை முடிந்து ஓட்ட வேண்டும். அதுவரை மெஷின் படுக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் ஒரே கவலை.

அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார். அப்பாவுக்குக் கணபதியில் லேத் பட்டறை. பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். ஆயுத பூஜையன்று அவர் பட்டறையில் லேத்துக்கும், டிரில்லிங் மெஷினுக்கும், எடை போடும் தராசுக்கும், கக்கூஸ் மோட்டாருக்கும்கூடச் சந்தனப் பொட்டு உண்டு. என் மெஷின் இரண்டு முறை படுத்த கதை அவருக்குத் தெரியும். “அதுக்குப் பூசை போட்டீங்களாடா?” என்றார். உள்ளே எதுவும் கொளுத்தக் கூடாது, வெளியே வராண்டாவில்தான் பூஜை என்றேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

“கொளுத்த வேண்டாஞ்சாமி. கட்டிய மட்டுமாச்சும் அதும்பக்கத்துல வெச்சுப்போட்டு வா. அதுக்குந் தெரியோணுமல்லொ, நம்மள மதிக்கறாங்கன்னு.”

நான் ரசாயனத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவன். கற்பூரத்தைக் கொளுத்தாமல் வைத்தால் அது சும்மா இருக்காது, தானாகக் காற்றில் கரைந்து அறை முழுக்கப் பரவும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அதெல்லாம் அந்த நிமிடம் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. வராண்டாவில் இயக்குநரே கையில் தட்டெடுத்து, சாம்பிராணி புகைய, கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். கலைவாணி மேடம் கருவி அறையின் கதவை இறுகச் சாத்தி, கதவிடுக்கில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கால் மணி நேரம் முன்பே நான் உள்ளே போய், மெஷினின் பின்பக்கம், சூடான காற்று வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு காகிதத்தில் நான்கு கட்டி வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன். (அப்பா எத்தனை என்று சொல்லவில்லை. நான்கு என்பது என் சொந்த பக்தி.)

விடுமுறை முடிந்தது. கட்டடம் முழுக்கப் பூஜை வாசம் தங்கியிருந்ததால் யாரும் எதையும் கண்டுகொள்ளவில்லை. நான் நேராகக் கடிபட்ட இலைகளை அடுக்கி மெஷினை ஓட்டிவிட்டேன். பிளாங்க் ஓட்டவில்லை. பாட்டில்கள் அதிகம், நேரம் குறைவு, முந்தின வாரம்தானே சுத்தமாக இருந்தது என்ற தெனாவெட்டு. பதினோரு மணிக்கு மேடம் கையில் நோட்டுடன் வந்தார்.

“பிரபு, பிளாங்க் ஓட்டிட்டீங்களா?”

“ஓட்டிட்டேனுங்க மேடம்.”

“சுத்தமா இருந்துச்சுங்களா?”

“சுத்தமுங்க மேடம்.”

நோட்டில் ‘பிளாங்க் சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். திரையைத் திறந்து பார்க்கவில்லை. என் வாய் வார்த்தையே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மாலையில் திரையைப் பார்த்தால், கடிபட்ட இலை ஒவ்வொன்றிலும் நெடுநெடுவென்று ஒரு மலை. கடிபடாத இலையில் அது அறவே இல்லை. மெஷின் அதற்கு முழ நீளத்துக்கு ஒரு ரசாயனப் பெயர் சொன்னது. ஓடிப்போய் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம், அதாவது என் கைடிடம், காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “அடேய், இது கற்பூரம்டா! கடிச்சதுமே செடி கற்பூரம் விடுதா?” என்றார். நானும், “ஆமாங்க சார்” என்றேன். எனக்கு உறைக்கவே இல்லை! என் தலையை எந்தக் கல்லில் கொண்டுபோய் முட்டுவது, சொல்லுங்கள். என் மனதில் கற்பூரம் என்பது சாமிக்கு வைப்பது. திரையில் தெரிந்தது அறிவியல். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றவே இல்லை.

கைடு உடனே பெங்களூரில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்குக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை பேச இடம் வாங்கிவிட்டார். நான் அம்மாவிடம் புதுச் சட்டை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, மெஷினைப் பயன்படுத்துபவர்களின் வாட்ஸப் குழுவில் தேன்காரர் ஒரு படம் போட்டு, “என் பிளாங்கிலும் தேனிலும் கற்பூரம் தெரிகிறது, வேறு யாருக்காவது?” என்று கேட்டிருந்தார். அடுத்த நிமிடம் எருமைப்பால்காரரின் படம். அதிலும் கற்பூரம். அதற்கடுத்து சாயப்பட்டறைத் தண்ணீர். தேயிலை கற்பூரம் விடலாம். எருமை எதற்காக விடப்போகிறது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் இருந்த இட்லி தட்டிலேயே விழுந்துவிட்டது.

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். எப்படியாவது கட்டிகளை எடுத்துவிட வேண்டும். மேடம் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து உள்ளே நுழைந்து, மெஷினின் பின்னால் கையை விட்டேன். காகிதம் இருந்தது. கற்பூரம் இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை, அத்தனையும் காற்றோடு போயிருந்தது. வெறும் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி வந்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன். சாட்சியே இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காகிதத்தைக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை அவசரக் கூட்டம். நீள மேசையின் தலைமாட்டில் இயக்குநர். எதிரில் கலைவாணி மேடம், அந்த நோட்டுடன். எனக்குப் பக்கத்தில் என் கைடு. இயக்குநர் சுற்றி வளைக்கவில்லை. வராண்டாவில் பூஜை நடந்தபோது கருவி அறைக் கதவைத் திறந்து போட்டிருக்கிறீர்கள், புகை உள்ளே போயிருக்கிறது, எல்லோருடைய ஆராய்ச்சியும் நாசம் என்று மேடத்தைப் பார்த்துச் சொன்னார். (கற்பூரம் காட்டியது அவர்தான் என்பதை அந்த அறையில் ஒருவரும் நினைவுபடுத்தவில்லை.) இந்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம், இப்படிக் கவனமில்லாத ஆளை எப்படி வைத்துக்கொள்வது என்றும் சேர்த்துக்கொண்டார்.

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“கதவச் சாத்தி, துணி வெச்சு அடைச்சேனுங்க சார். பூஜை முடிஞ்சு திறந்த மொதல் நாளு பிரபு பிளாங்க் ஓட்டியிருக்காருங்க. சுத்தமா இருந்துச்சுன்னு சொன்னாரு. புகை உள்ள போயிருந்தா அதுல தெரிஞ்சிருக்குமல்லங்க?”

நோட்டைத் திருப்பி மேசை நடுவே வைத்தார். ‘பிளாங்க் சுத்தம்.’ கீழே அவர் கையெழுத்து. என் கைடும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பிளாங்க் சுத்தம், ஆகவே எங்கள் தேயிலையில் வந்த கற்பூரம் தேயிலையினுடையதுதான், மற்றவர்கள் பாட்டிலை ஒழுங்காகக் கழுவவில்லை என்றார். ஆக, ஒரு பக்கம் மேடத்தின் வேலை, இன்னொரு பக்கம் கைடின் மானம். இரண்டையும் தாங்கிக்கொண்டிருந்தது நான் ஓட்டாத ஒரு காலி பாட்டில்.

“அந்த ஃபைலத் திறங்க பாப்போம்” என்றார் இயக்குநர், என்னிடம்.

மடிக்கணினியை என் பக்கம் தள்ளினார்கள். நான் சுட்டியைப் பிடித்தேன். இல்லாத ஃபைலை எங்கே போய்த் திறப்பது? ஃபைல் அழிந்துவிட்டது என்று சொல்லலாம். அதற்கு அந்த நேரத்தில் எனக்கு எட்டு விதமான காரணங்கள் தோன்றின. எதைச் சொன்னாலும் மேடம் வீட்டுக்குப் போவார். அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சலாக இல்லை, சந்தேகமாகவும் இல்லை. “திறங்க பிரபு, காட்டிடலாம்” என்கிற மாதிரி தைரியமாகப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பிளாங்க் நான் ஓட்டலீங்க சார். பொய் சொல்லிப்போட்டேன். கற்பூரமும் நான்தானுங்க வெச்சேன்.”

பாக்கெட்டிலிருந்து கசங்கிய காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். மேசையின் அந்தக் கோடி வரை கற்பூரம் மணத்தது. என் கைடுதான், ஆராய்ச்சியாளர் அல்லவா, விவரம் கேட்டார்.

“எத்தனை கட்டி?”

“நாலுங்க சார்.”

“கொளுத்துனியா?”

“இல்லீங்க சார். சும்மாதான் வெச்சேன்.”

“அதுக்குக் கொளுத்தியே இருக்கலாம்டா” என்று சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போய்ப் பெங்களூருக்குப் போன் செய்தார். கண்ணாடிக் கதவு வழியாக, அந்த மனிதர் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுத் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் நோட்டை எடுத்து, ‘சுத்தம்’ என்ற சொல்லை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். “உங்கள நம்பிக் கையெழுத்துப் போட்டேனுங்க பிரபு” என்றார், அவ்வளவுதான். வாடா போடா என்று திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அந்த நேரத்திலும் விடாமல் போட்ட ‘ங்க’ இருக்கிறதே, அது பல நாள் என்னைத் தூங்க விடவில்லை.

அவர் வேலை தப்பியது. என் முறை அடுத்த வருடத்துக்குப் போனது. அதுவரை தேன்காரருக்கும் எருமைப்பால்காரருக்கும் பிளாங்க் ஓட்டிக் கொடுப்பது என் பொறுப்பு என்று மேடம் தீர்ப்புச் சொன்னார். மறுபடியும் வால்பாறை, மறுபடியும் கொண்டை ஊசி வளைவுகள், மறுபடியும் அட்டைப்பூச்சி. ஒழுங்காக ஓட்டிப் பார்த்ததில், கடித்த இலைக்கும் கடிக்காத இலைக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் இல்லை. ‘வித்தியாசம் இல்லை’ என்பதையே நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு எழுதி டாக்டர் ஆனேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி, “உங்க பேச்சக் கேட்டுத்தான் இப்படி ஆச்சு” என்று கத்தினேன். அவர் நான் அச்செடுத்து வைத்திருந்த, அந்த மலை போட்ட தாளை வாங்கி, உயரமான மலையைத் தடவிப் பார்த்தார்.

“இதா கற்பூரம்? நீ வெச்சதையா அது சொல்லியிருக்குது?”

“ஆமா.”

“ஊர்ல இத்தன பேரு வெக்கறாங்க. எவனுக்காச்சும் வந்து சேந்துச்சுன்னு பதில் வந்திருக்குதாடா? உனக்கு வந்துருக்குது. அதப் போயி தப்புன்னு சொல்லீட்டு வந்திருக்கறயே.”

மறுநாளே அந்தத் தாளுக்குக் கண்ணாடி போட்டுப் பட்டறையில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். மலை உச்சியில் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஷாஃப்ட் கடைய வருகிறவர்கள் கேட்டால், என் பையன் பெரிய மெஷினில் எடுத்தது என்பார். நான் கல்யாணம் முடிந்து என் மனைவியை முதல்முறை பட்டறைக்குக் கூட்டிப்போனபோது, அது எந்தச் சாமி என்று தெரியாமல் அவள் தயங்கி நின்றாள். “கும்பிட்டுக்க அம்மணி, எல்லாம் நம்மூட்டுச் சாமிதான்” என்றார் அப்பா. அவளும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற டாக்டர் பிரபு வாயைத் திறக்கவில்லை.