வெண்டல் விற்க நினைத்த டிரெய்லர்

தம் அறுபத்தேழாம் வயதில் வெண்டல் பிரிட்சர்ட் ஒரு மாபெரும் தீர்மானத்துக்கு வந்தார். டிரெய்லரை விற்றுவிட வேண்டும். ஆனால், 'விற்றுவிடலாம்' என்னும் சொல் மனைவி வெர்னாவின் வாயிலிருந்தே வர வேண்டும்.

முப்பத்தொரு கோடைகளாக அவர் டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் மாட்டி, மிசூரி மாநிலத்து ஆற்றங்கரைப் பூங்காக்களுக்கெல்லாம் இழுத்துச் சென்றிருக்கிறார். கட்டில், அடுப்பு, கழிப்பறை என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய அனைத்தும் அந்தத் தகரப் பெட்டிக்குள் இருந்தன, வெண்டலுக்கு வேண்டிய ஒன்றைத் தவிர. அந்த ஒன்று வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே இருந்தது: பழுப்புத் தோல் போர்த்த சாய்வு நாற்காலி. பக்கத்துப் பிடியை இழுத்தால் 'கிறீச்' என்று முதுகு சாயும். கால் தானாக உயரும். பணி ஓய்வு பெற்ற அன்று தமக்குத் தாமே வாங்கிக்கொண்ட பரிசு. ஒரு கோடை முழுவதும் அதில் சாய்ந்து, ஒன்றுவிடாமல் பேஸ்பால் ஆட்டம் பார்க்க வேண்டும். இறைவனிடம் அவர் வேறெதுவும் கேட்டதில்லை. வெர்னாவிடம் இதைக்கூடக் கேட்டதில்லை.

அவர் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்தவர். எது எப்படிக் கெடும் என்பது அவருக்கு அத்துப்படி. எனவே, மே மாத இறுதியில் புறப்படும்போதே மூன்று ஏற்பாடுகள் செய்தார். டிரெய்லர் ஏசியின் ஃப்யூஸைக் கழற்றித் தம் காலுறை ஒன்றுக்குள் திணித்து, டிரெய்லர் அலமாரியில் தம் துணிகளுக்கு அடியில் வைத்தார். சக்கரத்துக்கு அடியில் கொடுத்து டிரெய்லரைச் சமன்படுத்தும் பலகைகளைக் கராஜிலேயே விட்டுவிட்டார். மூன்றாவது ஏற்பாடு பூங்காவில் நடக்க வேண்டியது.

டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டித் தமக்குரிய இடத்துக்குள் நுழைப்பது எளிதன்று. வண்டியை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். புதிதாக ஒரு டிரெய்லர் வந்தால், பூங்காவில் உள்ளவர்களெல்லாம் மடக்கு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்ப்பார்கள். கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கை காட்டுவாள், கணவன் கத்துவான். வெண்டல் கத்துவதில் பூங்காவெங்கும் பெயர் பெற்றவர்.

"வெர்னா, இன்னைக்கு நீ ஓட்டு. எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு."

"நானா? அத்தனை பேரும் பாக்குறாங்களே!"

"பாத்தா என்ன? உன்ன முழுங்கிடுவாங்களா?"

"கண்டிப்பா நான்தான் ஓட்டணுமா?"

"நீதான் ஓட்டணும்!"

அவள் அவமானத்தில் அழுதுகொண்டே இறங்கி, 'இந்தச் சனியன வித்துத் தொலை' என்பாள் என்று கணக்குப் போட்டு, வெண்டல் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார். தூக்கிய கையை ஆட்டுவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே, உறைக்குள் கத்தி நுழைவதுபோல டிரெய்லர் ஒரே வீச்சில் நுழைந்து நின்றது. மடக்கு நாற்காலிகளிலிருந்து கைதட்டல் எழுந்தது.

எதிர் இடத்துக்காரர் ஹார்லன் உரக்கச் சொன்னார். "வெண்டல், இத்தனை வருஷமா தப்பான ஆளு ஓட்டியிருக்கீங்களே!"

வெண்டலின் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"எங்க கத்துக்கிட்ட?"

"சர்ச்சுக்குப் பின்னாடி, காலி இடத்துல. என் கூட்டாளி மேவிஸோட டிரெய்லர வச்சு. செவ்வாய்க்கிழமைதோறும்."

"செவ்வாய்க்கிழமை நீ ஒட்டுப்போர்வை தைக்கத்தானே போவே?"

"ரெண்டு வருஷமா போறேன். ஒரு போர்வையாவது வீட்டுக்கு வந்துச்சா? எங்கடின்னு ஒரு நாளாவது கேட்டியா?"

கேட்டதில்லை. சேதம் மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர், வீட்டுக்குள் மதிப்பிடத் தவறியிருந்தார்.

மற்ற இரண்டு ஏற்பாடுகள் துல்லியமாக வேலை செய்தன; ஆள்தான் மாறிப்போயிற்று. பலகை இல்லாததால் டிரெய்லர் ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. கட்டிலில் மேட்டுப் பக்கத்தை வெர்னா எடுத்துக்கொண்டாள். பள்ளத்துப் பக்கத்தில் படுத்த வெண்டல், இரண்டு இரவுகளில் நான்கு முறை தரையில் விழுந்தார். ஏசி இல்லாததால் சன்னல்கள் திறந்து கிடந்தன. ஆற்றில் உள்ள கொசுக்களெல்லாம் உள்ளே வந்து, வெர்னாவை முகர்ந்து பார்த்துவிட்டு, வெண்டலிடம் வந்தன.

"அந்த ஏசி இரைச்சல் இல்லாம எவ்வளவு நிம்மதியா இருக்கு பாத்தியா?" என்றாள் வெர்னா, பன்றி இறைச்சியை வறுத்துக்கொண்டே.

மூன்றாம் நாள் காலையில், ஒரு கண் வீங்கி மூடிய நிலையில், வெண்டல் தம் தீர்மானத்தைத் தாமே முறித்தார்.

"வெர்னா, இத வித்துடலாம்."

வெர்னா அடுப்பை அணைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னே வைத்தாள். பூங்கா அலுவலகத்தின் முத்திரையிட்ட தாள் அது. நாளை முதல் அக்டோபர் முடிய இந்த முகாமுக்குப் பொறுப்பாளர் அவள்தான். வருகிறவர்களை வரவேற்க வேண்டும். இடம் காட்ட வேண்டும். அதற்கு ஈடாகத் தங்கும் இடம் இலவசம்.

"ரெண்டு பேர் எழுதறதுக்கு எடம் விட்டிருக்காங்களே," என்றார் வெண்டல். "உன் பேரு மட்டுந்தான் இருக்கு."

"ரெண்டாவது எடத்துல நான்தான் கோடு போட்டு அடிச்சேன்."

"ஏன்?"

"முப்பத்தொரு வருஷம் பின்னாடி நின்னு கை காட்டினேன், வெண்டல். ஊரே பாக்கக் கத்தின. 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு'ன்னு கேட்ட. நம்ம பொண்ணு ஷெல்பி அப்ப சின்னக் கொழந்த. அவ காதப் பொத்திட்டு உள்ள போய் உக்காந்துக்குவா. நீ கத்துற சத்தமில்லாம இந்த ஆறு எப்படித்தான் இருக்கும்னு ஒரு கோடை கேட்டுப் பாக்கணும்."

அதற்கு வெண்டலிடம் பதில் இருந்தது. ஆனால், அது கத்திச் சொல்ல வேண்டிய பதில்.

"நீ வீட்டுக்குப் போ," என்றாள் அவள். "வண்டி எனக்கு வேணும். ஷெல்பி மத்தியானம் வந்து உன்னக் கூட்டிட்டுப் போவா."

அப்போதுதான் வெண்டலுக்கு உறைத்தது. வீடு, கூடம், நாற்காலி. அக்டோபர் வரை! டிரெய்லர் விற்கப்படாமலேயே அவர் வென்றுவிட்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமன்று.

"நீ சொன்னா சரிதான்," என்றார், தியாகியின் குரலில்.

பிற்பகலில் மகள் ஷெல்பி வேனில் வந்து இறங்கினாள். முதலில் சமன்படுத்தும் பலகைகளை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். அடுத்து, நீலத் தார்ப்பாயில் சுற்றிக் கயிறு கட்டிய பெரிய பொருள் ஒன்றை வேனின் வாசலுக்குத் தள்ளினாள்.

"அப்பா, ஒரு பக்கம் புடிங்க. ஏத்தும்போதே ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு."

மற்ற நாளாக இருந்தால் இடுப்பு வலித்திருக்கும். அன்று வெண்டலின் இடுப்பு இருபது வயதுக்குத் திரும்பியிருந்தது.

"என்னம்மா இது, பொணம் கனம் கனக்குது?"

"முகாம் பொறுப்பாளருக்கு நாள் பூரா வெளிய உக்கார வேணாமா? அதுக்குத்தான்."

"தாராளமா உக்காரட்டும்!" என்று வாழ்த்தி, ஓரம் இடிபடாமல், ஆற்றைப் பார்த்தாற்போல் அதைப் பதமாக இறக்கி வைத்தார் வெண்டல். உள்ளே என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கும் வழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

வேன் நகர்ந்தபோது, பின்னால் டிரெய்லரின் ஏசி உறுமத் தொடங்கியது.

"அது கெட்டுப்போயிருந்துச்சே!" என்றார் வெண்டல்.

"அம்மா உங்க துணிய மடிச்சு வெச்சப்ப காலுறைக்குள்ள ஏதோ தட்டுப்பட்டுச்சாம்," என்றாள் ஷெல்பி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டு வேன் போய்விட்டது. வெண்டல் கதவைத் திறந்தார்; நேரே கூடத்துக்குச் சென்றார். தொலைக்காட்சி இருந்தது. அதற்கு எதிரே, தரைவிரிப்பில் நான்கு பள்ளங்கள் இருந்தன.

ஃபோனை எடுத்தார். கத்த வேண்டும் என்றுதான் எடுத்தார்.

"வெர்னா... என் நாற்காலி..."

மறுமுனையில் ஆற்றின் சலசலப்பு கேட்டது. அதற்கு மேலாக, அவர் நன்கறிந்த 'கிறீச்' ஒலி கேட்டது.

"பதமா எறக்கி வெச்ச, வெண்டல். ஒரு கீறல்கூட விழல."

ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. அந்தக் கோடையின் முதல் ஆட்டத்தை வெண்டல் நின்றுகொண்டே பார்த்தார்.