ஜஸ்ட்மிஸ் அண்ணனும் ஒரு குக்கரும்

எந்த வரிசையில் நின்றாலும் தனக்கு முந்தின ஆளோடு சரக்கு தீர்ந்துபோகிற ஒரே மனிதர், இந்த உலகத்தில் எங்கள் ஜஸ்ட்மிஸ் அண்ணன்தான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ஃபிட்டர். கேன்டீனில் கடைசி வடை முன்னால் நிற்பவனுக்குப் போகும். கேரம் ஃபைனலில் ரெட் காயைப் போட்டுவிட்டு ஃபாலோவை விட்டுவிடுவார். ஆரம்பாக்கம் போகிற ரயில் வாரத்துக்கு நாலு நாள் அவர் மூக்குக்கு நேராகத்தான் கிளம்பும். "ஜஸ்ட் மிஸ்ஸு நைனா!" என்று சிரிப்பார். நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணி மட்டும் சிரிக்க மாட்டார். "இருவது வருசத்துல இந்தாளு ஒரு சோப்பு டப்பா ஜெயிச்சுக்கினு வந்ததில்ல" என்பார்.

ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் குடும்பத்தோடு கூப்பிட்டு விளையாட்டு வைப்பார்கள். போன வருஷம் ஸ்லோ சைக்கிள் ரேஸுக்கு முதல் பரிசு குக்கர். அண்ணன், அண்ணியைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்.

"இதுல கடைசியா வர்றவன்தான் பர்ஸ்ட்டு. எனக்குன்னே வச்ச ரேஸு நைனா! இன்னிக்கும் வுட்டேன்னா அவ மூஞ்சில முழிக்க முடியாது."

சும்மா சொல்லக்கூடாது, என்னமாய் ஓட்டினார்! சைக்கிள் நகர்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. மற்றவர்கள் கால் ஊன்றி அவுட். மிச்சம் நானும் அவரும். நானும் தாக்குப்பிடிக்க முடியாமல் கோட்டைத் தாண்டிவிட்டேன். அவருக்கு ஒரு சாண்தான் பாக்கி. கால் ஊன்றாமல் தாண்டினால் குக்கர் அவருக்கு.

மனுஷன் அப்போது பார்த்துத் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஈ காக்கா இல்லை. கடைசி நிமிஷத்தில் யாராவது முந்தித்தானே அவருக்குப் பழக்கம்! காலை அழுத்தமாகத் தரையில் ஊன்றி, "இன்னாப்பா, மத்தவன்லாம் எங்க?" என்று கேட்டார்.

விசில் ஊதிவிட்டார்கள். குக்கர் என் கைக்கு வந்தது. அண்ணி திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பேஜாராய்ப் போயிற்று. அண்ணனும் அன்றைக்கு 'ஜஸ்ட் மிஸ்ஸு' சொல்லவில்லை.

மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு வந்தால், ரயில் ஹாரன் அடித்துவிட்டது. "அண்ணி, இத்தக் கொஞ்சம் புடிங்க, தூக்கிக்கினு ஓட முடியல" என்று குக்கரைக் கொடுத்தேன். அவர்கள் ஓடி ஏறினார்கள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தது.

வாசலில் அண்ணன், வாயெல்லாம் பல். "ஜஸ்ட் மிஸ்ஸு நைனா! பாத்தியாடி, நான் புடிச்சிட்டேன், அவன் வுட்டுட்டான்!"

பக்கத்தில் குக்கரைக் கட்டிக்கொண்டு அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வண்டி வரும்வரை பெஞ்சில் ஒண்டியாக உட்கார்ந்திருந்தேன். குக்கரை இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை. என் ஊட்டுக்காரி கேட்டுக்கினுதான் இருக்கிறாள். செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மனுஷன் ஒரு தடவையாவது என்னை முந்தட்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.