பெரியவருக்கு ஆக்சிஜன் கோளாறு

மரியாதைக்கும் அவ்வப்போது வாக்குவாதத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் சம்பந்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். மற்றவர்கள் இதை மரியாதைக்காக எழுதுவார்கள்; நான் தகவலாகவே எழுதுகிறேன். மூச்சு சீராக வருகிறது, வேளாவேளைக்குப் பசிக்கிறது, செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிக்கிறேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் தினமும் காலையில் என் காபி ஆறுகிற வரைக்கும் போனில் சண்டை போடும் தாங்கள், அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கூப்பிடவே இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. கோபம் நியாயமானதுதான். உயிரோடு இருக்கிறவனுக்காக அழவைத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதற்காகவாவது கூப்பிடுங்கள்.

எல்லாம் நம் பிள்ளைகள் வேலை மாற்றலாகிப் போகும்போது என் வாசலில் விட்டுச் சென்ற அந்தப் பழைய காரால் வந்தது. அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்ததும் தாங்கள்தான், அதைப் பழைய இரும்புக்கடையில் போடச் சொல்லி என் உயிரை வாங்கியதும் தாங்கள்தான். கடைசியாகப் பேசியபோது, "இந்தத் தடவை புகைச் சோதனையில பெரியவர் தேறலேன்னா வித்துடணும், சரியா?" என்றீர்கள். நானும் ரோஷத்தில் "சரி" என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். முழங்கால் வலியோடு என் மனைவி தானாக ஏறி இறங்கக்கூடிய ஒரே வண்டி அதுதான். மற்ற வண்டிகளில் அவளைத் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். என் முதுகுக்கும் அது ஆகாது, அவள் கௌரவத்துக்கும் ஆகாது.

நான் வாக்குக் கொடுத்தது பெரியவர் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. செவ்வாய் காலை கிளப்பினால், மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பின்னால் கறுப்புப் புகை. கூடவே அழுகிய முட்டை வாசனை. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். சாத்தும்போது என்னைத்தான் முறைத்தார். ரெண்டு தடவை இருமிவிட்டு வண்டி நின்றே போனது. கெஞ்சிக் கூத்தாடி மறுபடி கிளப்பி, தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அதை நடத்துகிற அம்மாளை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். நீளமான திருப்புளியை இன்ஜின்மேல் வைத்து, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்கிற பழக்கம் உண்டு என்பதால் வந்த பெயர். அன்றைக்குத் திருப்புளியை எடுக்கவில்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "சார், ஆக்சிஜன் சென்சார். முன்னது போயிடுச்சு. பின்னதும் சந்தேகம்தான்" என்றார்.

நான் வண்டியின் முன்பக்கம் போய் பம்பருக்கு அடியில் குனிந்து தேடினேன்.

"அங்க என்ன சார் தேடறீங்க? ஏதாவது கீழ விழுந்துடுச்சா?"

"முன்னதுன்னு சொன்னீங்களே அம்மா."

அவர் சிரிக்காமல் விளக்கினார் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். இன்ஜினிலிருந்து புகை போகும் குழாயில், புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பா ஒன்று இருக்கிறதாம். அதற்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னதன் வேலை, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று மோந்து பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது. கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். டாக்டரம்மா கருவியின் திரையைக் காட்டினார். "இந்த அளவு ஏறி இறங்கிக்கிட்டே இருக்கணும் சார். இது அடியிலயே உக்காந்துக்கிட்டு 'காத்து அதிகம், காத்து அதிகம்'னு பொய் சொல்லுது. கம்ப்யூட்டரும் நம்பிப் பெட்ரோலை ஊத்து ஊத்துன்னு ஊத்துது. அதான் புகை, அதான் நாத்தம்."

"ஏறி இறங்கறது கெட்டுப்போனது, ஒரே இடத்துல நிக்கறதுதானே நல்லது?" என்று கேட்டேன்.

"பின்னது அப்படி நிக்கலாம். முன்னது நின்னா போயிடுச்சுன்னு அர்த்தம்."

அதோடு விட்டுவிடவில்லை அவர். குழாயில் எங்காவது ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் சென்சார் இப்படித்தான் சொல்லும், அப்போது தப்பு அதன்மேல் இல்லை என்று குழாய் முழுவதையும் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை. எனக்கு அந்தச் சென்சார்மேல் ஓர் அனுதாபமே வந்துவிட்டது. நான் தந்தி ஆபீசில் காலம் தள்ளியவன் என்பது தங்களுக்குத் தெரியும். வந்த செய்தியைக் கூட்டாமல் குறைக்காமல் அனுப்ப வேண்டியவன் கண்ணயர்ந்துவிட்டால் மறுமுனையில் என்னென்ன கூத்து நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைப் பாருங்கள். குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று போனை எடுத்து, நம் குடும்பக் குழுவில் எழுதினேன். தந்திக் கை அல்லவா, ஒரு வார்த்தை அதிகமாகப் போட வராது.

"பெரியவருக்கு ஆக்சிஜன் கோளாறு. முன்னது போயிற்று. பின்னது சந்தேகம். டாக்டரம்மா முயற்சி. மாலை தெரியும்."

அனுப்பிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு டார்ச் பிடிக்கப் போய்விட்டேன்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. சூட்டிலேயே கிடந்து கிடந்து மரை இறுகிப்போயிருந்தது. துரு இளக்குகிற எண்ணெயை விட்டு ஊறவைத்து, இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, ஒயர் நுழைவதற்காக ஒரு பக்கம் பிளந்திருக்கும் ஸ்பானரைப் போட்டு டாக்டரம்மா தொங்கினார். "சார், டார்ச்சை என் முகத்துல அடிக்காதீங்க, சென்சார்ல அடிங்க" என்று அடிக்கடி சொன்னார். கடைசியில் கிறீச்சென்ற சத்தத்தோடு முன்னது வந்தது. பின்னது மாலை வரை இழுத்தடித்தது. அந்தச் சென்சாரின் உள்ளே சூடேற்றுகிற கம்பி அறுந்திருந்ததாம். புதியவற்றின் நுனியில் விரல் படாமல், மரையில் மட்டும் பசை தடவி முறுக்கி, கருவியில் பழைய புகாரை அழித்துவிட்டுக் கிளப்பினால், திரையில் அளவு ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது! மஞ்சள் விளக்கு இல்லை, புகை இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். இருவர் கையிலும் கிரீஸ்.

இதற்கிடையில் வீட்டில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. குழுவைப் பார்த்துப் பதறிய என் மைத்துனர் என் மனைவிக்குப் போன் செய்திருக்கிறார்.

"அக்கா, எப்ப ஆச்சு?"

"காலையிலதான்டா. ரெண்டு தடவை இருமினார், அப்படியே நின்னுட்டார்."

"இப்ப எங்க வெச்சிருக்காங்க?"

"டாக்டரம்மாகிட்டதான். கழட்டிப் பார்க்கணுமாம்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நான் பெரியவரைப் பூப்போல ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு வேன் நிற்கிறது. மைத்துனர் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருக்கிறார். ஏதோ விசேஷம் போலிருக்கிறது, இவள் சொல்லவில்லையே என்று நானும் ஒரு கை கொடுத்தேன். "இதெல்லாம் எங்க போடறது?" என்று குனிந்தபடி என்னிடமே கேட்டார். "யாருக்கு?" என்றேன். நிமிர்ந்தார். கையிலிருந்த நாற்காலி என் காலில் விழுந்தது. கட்டைவிரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் தாங்கள் கூப்பிட்டீர்கள். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். ஐயா, தாங்கள் அழுதீர்கள்.

"பெரியவர் போயிட்டாராமே, சம்பந்தியம்மா! அவர மாதிரி ஒருத்தர் கிடைப்பாரா? எத்தனை பேரைச் சுமந்தவர்! மழையோ வெயிலோ, வேணும்னப்ப எழுந்து வந்தாரே! காலையில கொஞ்சம் சிணுங்குவார், அவ்வளவுதான். பின்பக்கம் நெளிஞ்சிருந்தா என்ன? புகை விட்டார்தான், நாத்தமும் அடிச்சுதுதான், வயசானா எல்லாருக்கும் உள்ளதுதானே! நான் வாய்க்கு வந்தபடி பேசுவேனே தவிர, மனசுல அவர்மேல எவ்வளவு பிரியம் தெரியுமா?"

என் மனைவி வாயைத் திறந்தாள். நான் உதட்டில் விரலை வைத்து அடக்கிவிட்டேன். அதுதான் என் குற்றம். மேற்கொண்டு என்ன சொல்வீர்களோ கேட்க வேண்டும் என்ற ஆசை, சம்பந்தி. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு வழியனுப்பியவர்கள்கூட என்னைப் பற்றி ஒரு வாய் நல்லதாகச் சொல்லவில்லை. ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, அதிலும் பெயரைப் பிழையாகப் போட்டிருந்தார்கள். என்னைப் பற்றி இப்படியும் ஒருவர் நினைக்கிறாரா என்று கண் கலங்கிவிட்டது. அந்தப் புகை விஷயம் மட்டும் புரியவில்லை, நான் பீடி சிகரெட் தொட்டதே இல்லை. நாற்றம் பற்றிச் சொன்னதை மனதில் வைத்து அன்றிலிருந்து இருவேளையும் சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். முதுகு வளைந்ததை 'நெளிஞ்சிருந்தா என்ன' என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்களே, அதை மறக்கமாட்டேன். தாங்க முடியாமல்தான், "ரொம்ப நன்றி, சம்பந்தி" என்றேன். "யாரது?" என்றீர்கள். "நான்தான்" என்றேன். போன் அறுந்துவிட்டது. அதோடு சரி.

பெரியவர் புகைச் சோதனையில் தேறிவிட்டார். பேச்சுப்படி விற்கத் தேவையில்லை. ஆனால் ஜெயித்த சந்தோஷம் எனக்கு இல்லை. காலையில் காபி சூடாக இருக்கும்போதே குடித்து முடித்துவிடுகிறேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் சாகாமல் போனதை மன்னித்துக் கூப்பிடவும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கங்கள். பிள்ளைகள் எங்கிருந்தாலும் ஏற வேண்டியபோது ஏறி, இறங்க வேண்டியபோது இறங்கி, நின்றுபோகாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தாங்கள் கூப்பிட்டுவிட்டீர்கள். "பெரியவர் எப்படி இருக்கார்?" என்றீர்கள். "நல்லா இருக்கேன்" என்றேன். "உங்களை யார் கேட்டா? காரைக் கேட்டேன்" என்றீர்கள். ஆகவே மேலே 'ஐயா, தாங்கள் அழுதீர்கள்' என்பதிலிருந்து கீழே முழுவதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். காருக்காக அழுததை நான் கேட்டுவிட்ட வெட்கத்தில்தான் இத்தனை நாள் போனை எடுக்கவில்லை என்பதும் தெரிந்தது. "பின்ன ஏன் விக்கச் சொன்னீங்க?" என்றேன். "விக்காதீங்கன்னு நான் சொல்லியிருந்தா அன்னைக்கே வித்திருப்பீங்க" என்றீர்கள். அது உண்மை. கடைசியில் ஒன்று கேட்டேன்: "நிஜமாவே நான் போயிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" "என்னத்தைச் சொல்றது? அப்புறம் நான் யாரோட சண்டை போடறது?" என்றீர்கள். பேசி முடித்துப் பார்த்தால் காபியில் ஆடை படிந்து சில்லிட்டுக் கிடந்தது. அப்படியே குடித்துவிட்டேன், நன்றாக இருந்தது.